குழாயும் குழாயும் சேர எந்த வெல்டிங்? பட்டறைக்காரனின் முழு வழிகாட்டி

ஒரு பால் குளிரூட்டும் கூடத்துக்கு ஒன்றரை இன்ச் எவர்சில்வர் குழாய் இழுத்துக் கொடுத்திருந்தோம். ஆர்கான் வெல்டிங்தான். ஒவ்வொரு ஒட்டும் வெளியே மீன் செதில் அடுக்கினாற்போல் இருந்தது. மூன்றாவது வாரம் போன் வந்தது: எவ்வளவு கழுவினாலும் குழாயில் புளித்த வாடை போகவில்லையாம். ஒரு ஒட்டை வெட்டி எடுத்து வந்து, குழாயை நெடுக்குவாக்கில் பிளந்து பட்டறைப் பையனிடம் நீட்டினேன்.

"வெளிய நல்லாத்தான இருக்கு அண்ணே."

"உள்ள பாரு மக்கா."

உள்ளே சுற்றிலும் கரிந்த கருப்பட்டித் தூளை அப்பினதுபோல் கறுத்துப் பொரிந்து கிடந்தது. அந்தப் பொரிப் பொந்துகளில்தான் பால் தங்கிப் புளித்திருக்கிறது. குழாய்க்குள் ஆர்கான் நிரப்பாமலே ஒட்டச் சொன்னவன் நான். நேரம் மிச்சம் பிடிக்கிற நினைப்பு.

தகட்டை ஒட்டினால் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கலாம். குறை இருந்தால் தோண்டி மறுபடி ஒட்டலாம். குழாய்க்குப் பின்பக்கம் என்பது உள்பக்கம். அங்கே கையும் போகாது, கண்ணும் போகாது. ஆனால் தண்ணீரோ நீராவியோ பாலோ அதைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும். அதனால் எந்த முறை சிறந்தது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, உங்கள் குழாயின் உள்பக்கத்தில் என்ன ஓடப்போகிறது என்றுதான். அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கையில் இருப்பது என்ன குழாய்?

பைப் வேறு, டியூப் வேறு. பைப்பைப் பெயரளவு விட்டத்தால் சொல்வார்கள். அரை இன்ச் பைப்பை எந்தப் பக்கம் அளந்தாலும் அரை இன்ச் வராது. அதன் வெளி விட்டம் 21.3 மி.மீ. இரண்டு இன்ச் பைப்புக்கு 60.3 மி.மீ. டியூப் அப்படியல்ல. வெளி விட்டமும் சுவர்க் கனமும் சொன்னது சொன்னபடி இருக்கும். இரண்டையும் குழப்பி ஆர்டர் போட்டுவிட்டு, சேராத இரண்டு முனைகளோடு பட்டறைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு.

ஐஎஸ் 1239 இரும்பு பைப்பில் வர்ணப் பட்டை பாருங்கள். மஞ்சள் இலேசு ரகம், நீலம் நடுத்தரம், சிவப்பு கனம். அடுத்து, குழாய் மூட்டில்லாததா, நீளவாக்கில் ஒட்டுக் கோடு உள்ளதா என்று பார்க்க வேண்டும். கடையில் நாம் வாங்கும் கட்டில் பைப், கேட் பைப், சதுர டியூப் எல்லாமே அநேகமாகக் கோடு உள்ளவை. தகட்டுச் சுருளை உருளைகளுக்கு நடுவே வளைத்து, இரண்டு விளிம்பையும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் சூடேற்றி, பழுத்த நிலையில் அமுக்கி ஒட்டுவார்கள். ராடும் கிடையாது, கம்பியும் கிடையாது. மின்தடை வெல்டிங் என்பது இதுதான். மீட்டர் கணக்கில் குழாய் ஓடிக்கொண்டே இருக்கும், ஒட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயை உற்பத்தி செய்ய இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் அது ஆலையின் வேலை. அறுத்த இரண்டு குழாயை முனையோடு முனை சேர்க்க அது உதவாது. நமக்குத் தேவையான விஷயம் ஒன்றுதான்: அப்படிப்பட்ட இரண்டு குழாயைச் சேர்க்கும்போது இரண்டின் கோடும் ஒரே நேரில் வராமல் தள்ளி வையுங்கள்.

எவர்சில்வர் என்றால் கிரேடைக் கேட்டு வாங்க வேண்டும். 202 கிரேடைக் 304 என்று விற்கிற வழக்கம் உண்டு. இரண்டிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. கிரேடு சோதிக்கிற சொட்டுத் திரவம் விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கலாம். பெரிய சரக்கென்றால் ஆலைச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். நம் குமரி மாவட்டக் கடற்கரையில் சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போல உப்புக் காற்று நேரே அடிக்கிற இடத்தில் 304 கூடத் தேநீர்க் கறைபோல் பழுப்பேறும். அங்கே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 போடுவதுதான் உசிதம்.

படி 2: முறைகளை உள்பக்கத்திலிருந்து பாருங்கள்

*ராடு வெல்டிங்.* நம்மூரில் வெல்டிங் என்றாலே இதுதான். மெஷின் மலிவு, கேஸ் சிலிண்டர் வேண்டாம், காற்றடித்தாலும் வேலை நடக்கும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடுகிற 6013 ராடின் மேல்பூச்சில் முக்கியச் சரக்கு ரூட்டைல். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், சிர்க்கான், மோனசைட்டோடு பிரித்தெடுக்கிறார்களே, அதே ரூட்டைல். சுலபமாக ஆர்க், அதாவது உருக்குகிற மின்சுடர், பிடிக்கும், அழகாக விழும். ஆனால் அழுத்தம் தாங்க வேண்டிய பைப்பின் முதல் ஓட்டத்துக்கு, அதாவது ரூட்டுக்கு, அது சரியில்லை. ராடின் பூச்சு உருகி உறைகிற கசடு உள்ளே சிக்கிக்கொள்ளும், ஊடுருவலும் குறைவு. அதற்குத்தான் 6010: ஆழமாகக் குத்தி உள்பக்கம் வரை உருக்கும். ஆனால் சின்ன இன்வெர்ட்டர் மெஷின்கள் பலவற்றில் 6010 நின்று எரியாது. மெஷின் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி மெஷின் என்றால் 6011.

ரூட்டுக்கு மேல் நிரப்ப 7018. பலமான ஒட்டு, ஆனால் ஈரம் என்றால் ஆகாது. பூச்சில் ஏறிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து, ஒட்டு ஆறிய பிறகு வெடிப்பு விடும். நமக்கு இரண்டு பருவமழை. சுவரே வியர்க்கிற ஊர். பாக்கெட் பிரித்த 7018-ஐச் சூடான பெட்டியில் 120 டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்தால் நாலு மணி நேரத்துக்குள் எரித்துத் தீர்க்க வேண்டும். 6010-ஐ அதே பெட்டியில் வைத்துக் காயப்போட்டு விடாதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் அது ஒழுங்காக எரியும்.

*ஆர்கான் வெல்டிங்.* டிக் என்பதும் இதுவே. உருகாத டங்ஸ்டன் முனை ஆர்க் கொடுக்கும், இடது கை கம்பியை ஊட்டும், ஆர்கான் மூடிக் காக்கும். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானத் தொழிற்சாலையில் மெக்னீசியத்தை ஒட்டுவதற்காகப் பிறந்த முறை. சூட்டையும் கம்பியையும் தனித்தனியே கையாள முடிவதால் உள்பக்கத்தை ஆளுகிற ஒரே கைமுறை இதுதான் என்பேன். கசடு கிடையாது, பொறி கிடையாது. விலையாகக் கொடுப்பது நேரம்: ராடுக்காரன் நாலு ஒட்டு முடிக்கும்போது ஆர்கான்காரன் ஒன்றில் இருப்பான். இரும்புக்கும் எவர்சில்வருக்கும் டிசி, டார்ச் மைனஸில். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேலுள்ள ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், ஏசிதான் அந்தத் தோலைக் கிழிக்கும்.

சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் ஆக்சைடு 2 சதவீதம் கலந்திருக்கும். அந்தத் தோரியமும் மோனசைட் சரக்குதான். கூர் தீட்டும்போது தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். இல்லையென்றால் லாந்தனம் கலந்த பொன் நிற, நீல நிற முனைக்கு மாறிவிடுங்கள். நான் மாறிப் பல வருஷம் ஆகிறது, வேலையில் ஒரு குறையும் இல்லை.

*சிஓ2 வெல்டிங்.* மிக் என்பார்கள். கம்பி தானாக ஓடி வரும். விசையை அமுக்கினால் ஒட்டு. நாற்காலி, கட்டில், பஸ் பாடி, ஒரே மாதிரி ஆயிரம் சட்டம் என்றால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் குழாய் வேலையில் இது ஏமாற்றுக்காரன். மெல்லிய கம்பி, குறைந்த வோல்ட்டேஜில் அடிக்கும்போது ஒட்டு மேலே அழகாக உட்கார்ந்திருக்கும். அடியில் இரும்போடு கலந்திருக்காது. கையால் வளைத்தால் தோல்போல் உரிந்து வரும். சுமை தாங்கும் சட்டத்துக்கு இதைப் போடுமுன் கழிவுத் துண்டு இரண்டை ஒட்டி, அறுத்து, வளைத்துப் பாருங்கள். குழாயை உருளையில் சுழற்றிக்கொண்டு ஒட்ட முடிந்தால் சிஓ2 நன்றாக வேலை செய்யும். கேஸில் ஆர்கான் 80, சிஓ2 20 கலந்தால் பொறி தெறிப்பு குறையும். நடுவில் பூச்சுப் பொடி அடைத்த, கேஸே வேண்டாத பூச்சுள் கம்பியும் வருகிறது. திறந்தவெளிக்கு அது தேவலை, புகை மட்டும் கண்ணை மறைக்கும்.

*ஆர்பிட்டல்.* குழாய் அசையாது. டங்ஸ்டன் முனை அதைச் சுற்றி வரும். கரண்ட், வேகம், கேஸ் எல்லாம் மெஷின் நினைவில். மருந்து, பால், அரைக்கடத்தி ஆலைகளில் நூற்றுக்கணக்கான ஒரே அளவு ஒட்டுகள் வரும் இடத்தில் காசுக்குத் தகும். சுமார் 3 மி.மீ. கனம் வரை கம்பி ஊட்டாமலே இரண்டு முனையையும் உருக்கிச் சேர்க்கும். ஆனால் முனை நூல் பிடித்தாற்போல் நேராக அறுபட்டிருக்க வேண்டும்; முடியளவு இடைவெளி இருந்தாலும் குழி விழும். கைவேலைக்காரன் கோணலைச் சமாளிப்பான், மெஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

*கை லேசர்.* இப்போது எல்லாரும் விசாரிக்கிறார்கள். மெல்லிய எவர்சில்வர் டியூபில் வேகமும் அழகும் உண்மைதான். இடைவெளியைச் சகிக்காது என்பதும் உண்மை. அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சாதாரண வெல்டிங் கண்ணாடி அதைத் தடுக்காது. பளபளக்கும் குழாயில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நிற்கிறவன் கண்ணைக் கெடுக்கலாம். தனி அறையும் அதற்கென்ற கண்ணாடியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

*பித்தளை வைப்பு.* பிரேசிங் என்பார்கள். ஏசி, பிரிட்ஜ் செம்புக் குழாய்க்கு இது. குழாய் உருகாது, இடையில் ஊறுகிற ராடுதான் உருகும். செம்போடு செம்பு சேர பாஸ்பரஸ் ராடு போதும். அதை இரும்பில் வைத்தால் முறுக்குபோல் ஒடியும். ஒட்டும்போது உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிடாவிட்டால் கறுப்புச் செதில் உதிர்ந்து கம்ப்ரசருக்குப் போகும். இங்கேயும் உள்பக்கம்தான் கதை. மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் பிளான்ட்களில் அம்மோனியா ஓடும். அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும் என்பதால் அங்கே இரும்பு பைப்தான், வெல்டிங்தான்.

படி 3: தேர்வு

நடைமுறையில் என் பட்டறையில் இப்படித்தான் முடிவு செய்கிறோம். உள்ளே ஒன்றும் ஓடாத கைப்பிடி, பந்தல் கால், கேட்: 16 கேஜ் கனத் தகட்டுக் குழாய் என்றால் சிஓ2, வெளியிடத்தில் என்றால் ராடு. பால், எண்ணெய், குடிநீர் ஓடும் எவர்சில்வர்: உள்ளே ஆர்கான் நிரப்பிய டிக், வேறு பேச்சே இல்லை. ஐஸ் பிளான்ட் பைப், நீராவி பைப்: ரூட்டுக்கு ஆர்கான், மேலே நிரப்ப 7018. இந்தக் கலவையில்தான் உள்பக்கச் சுத்தமும் வேகமும் ஒன்றாகக் கிடைக்கும்.

ரப்பர் ஆலை, முந்திரி ஆலை பாய்லரில் சேரும் பைப்பானால் இது உங்கள் விருப்பம் அல்ல. 1950-ஆம் வருஷ இந்திய பாய்லர் ஒழுங்குமுறை விதி அதற்குப் பொருந்தும். அங்கீகாரச் சான்று உள்ள வெல்டர்தான் தொட வேண்டும். எவ்வளவு கைதேர்ந்தவனானாலும் காகிதம் இல்லாவிட்டால் ஒதுங்கிக்கொள்ளட்டும்.

வளைகுடா போக நிற்கிற பையன்கள் 6ஜி, 6ஜி என்கிறார்களே, அது வெல்டர் தேர்வில் பைப்பை வைக்கிற நிலை. அதன் கணக்கு இது. 1ஜி என்றால் படுக்கைப் பைப் சுழலும். 2ஜி-யில் பைப் நிமிர்ந்து நிற்கும், ஒட்டு சுற்றிலும் கிடைவாக்கில் வரும். 5ஜி-யில் பைப் படுத்தபடி அசையாது, நீங்கள் அடியில் குனிந்து மேலே ஏறுவீர்கள். 6ஜி-யில் 45 டிகிரி சாய்ந்து அசையாமல் நிற்கும். அதில் தேறினவன் மற்ற எல்லா நிலையிலும் பள்ள ஒட்டு, அதாவது இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பும் ஒட்டு, போடலாம் என்று கணக்கு.

படி 4: முனை தயாரித்தல்

ஒட்டு நன்றாக வருமா என்பது இங்கேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடும். 3 மி.மீ. வரை நேராக அறுத்தால் போதும். அதற்கு மேல் ஒவ்வொரு முனையையும் 30 முதல் 37 டிகிரி வரை சரிவாகத் தீட்டி, கூர் விளிம்பில் ஒன்றரை மி.மீ. மழுங்கல் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டரை முதல் மூன்று மி.மீ. இடைவெளி. எங்கள் பட்டறையில் இடைவெளி அளக்க பூச்சு உரித்த இரண்டரை எம்எம் ராடு ஒன்றை வளைத்து வைத்துக்கொள்வோம்.

டி வடிவில் சேர்ப்பதென்றால் ஒரு குழாயின் முனையை மீன் வாய்போல் குடைய வேண்டும். தடித்த காகிதத்தில் அச்சு வெட்டிக் குழாயைச் சுற்றி ஒட்டி, சாக்பீஸால் கோடிட்டு அறுத்தால் கச்சிதமாக உட்காரும். கண்மதிப்பில் குடைந்துவிட்டு, மீதிப் பொத்தலை ராடால் நிரப்புகிறவர்கள் செலவைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பானால் ஒட்டு வரும் இடத்தில் இரண்டு இன்ச் அளவுக்குப் பூச்சைத் தீட்டி எடுங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 வேண்டும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறை நம்பிக்கை. நுரையீரலுக்குப் போனதைப் பால் கழுவாது. காற்றோட்டமும் முகமூடியும்தான் வழி.

எவர்சில்வரைத் தீட்ட அதற்கென்று தனி பிரஷ், தனி வீல் வையுங்கள். இரும்பு தீட்டிய வீலின் தூள் ஒட்டினால் அந்த இடம் துருப்பிடிக்கும். அப்புறம் 316 வாங்கின காசு வீண்.

படி 5: டேக், ஆர்கான் நிரப்பு, ரூட்

முழு ஒட்டுக்கு முன் குழாய்களை நகராமல் பிடிக்க வைக்கும் பொட்டு ஒட்டுதான் டேக். அதைக் கடிகாரத்தின் 12, 6, 3, 9 என்ற வரிசையில் எதிரெதிராக வையுங்கள். சுற்றி வரிசையாக வைத்தால் இழுத்துக் கோணும். ஒவ்வொரு டேக்கின் இரண்டு நுனியையும் மெல்லிசாகத் தீட்டிவிட்டால் ரூட் அதில் வழுக்கி ஏறும். இல்லாவிட்டால் அங்கேதான் கசிவு. உள்ளே படி விழாமல் இரண்டு விளிம்பும் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எவர்சில்வர் என்றால் இனி உள்ளே ஆர்கான். ஒட்டுக்கு இருபுறமும் கொஞ்சம் தள்ளி அடைப்பு வைத்து, கீழ்ப்பக்கம் கேஸ் குழாய், மேல்பக்கம் சிறு துவாரம். ஆர்கான் காற்றைவிடக் கனம். அடியில் நிரம்பிக் காற்றை மேலே தள்ளும். கணக்கு எளிது: 50 மி.மீ. உள் விட்டக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் பிடிக்கும். அதைப்போல் ஐந்து மடங்கு, 10 லிட்டர் ஓடட்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஒன்றேகால் நிமிடம். இந்த ஒன்றேகால் நிமிடத்தை மிச்சப்படுத்தித்தான் நான் பால் கூடத்தின் குழாயைக் கெடுத்தேன். வழக்கமான 7 கன மீட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஓடினால் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வரும். கேஸ் செலவு என்று பயப்பட அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தொட்டிக்குள், குழிக்குள் இறங்கி வேலை செய்தால் அதே ஆர்கான் வாசனையில்லாமல் மூச்சை முட்டிவிடும். வெளியே ஒரு ஆள் நிற்காமல் இறங்காதீர்கள்.

கம்பி: இரும்புக்கு 70எஸ்-2, 304-க்கு 308எல், 316-க்கு 316எல், இரும்பையும் எவர்சில்வரையும் சேர்க்க 309எல். கரண்ட் சுவரின் ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 30 முதல் 40 ஆம்பியர் என்று தொடங்கி, உருகுவதைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். முன்னே சாவித்துவாரம்போல் சின்ன ஓட்டை திறந்து மூடிக்கொண்டே வந்தால் உள்பக்கம் சேர்கிறது என்று அர்த்தம். துவாரம் மறைந்தால் சேரவில்லை, பெரிதானால் ஓட்டை விழப்போகிறது. ஒட்டு ஆறின பிறகு நிறம் பார்க்கலாம்: வைக்கோல் நிறம் நல்லது, நீலம் சுமார், சாம்பல் நிறமும் கறுப்பும் என்றால் கேஸ் போதவில்லை.

இரண்டு பக்கமும் அடைத்த குழாயாக முடிகிற வேலையில், கடைசி ஒட்டை மூடும்போது உள்ளே சூடான காற்று உருகலைத் துப்பிக்கொண்டு வெளியே வரும். எத்தனை தரம் மூடினாலும் அதே இடத்தில் பொத்தல் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு மூலையில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு ஒட்டி, ஆறின பிறகு துளையை அடையுங்கள். பின்னால் சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கப்போகிற சட்டமானால் துளையை அடைக்கவே கூடாது. 450 டிகிரித் தொட்டியில் அடைபட்ட குழாய் வெடிக்கும்.

படி 6: காற்று

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆர்கான் எம்மாத்திரம்? ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து இறங்கும் காற்று முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிறது, நம் டார்ச்சின் கேஸையும் அடித்துக்கொண்டு போகிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்று இருந்தால் கேஸ் மூடுகிற வெல்டிங்கை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க வெல்டிங் விதித்தொகுப்பின் கணக்கு. நம்மூர் ஆனி, ஆடியில் மத்தியானத்துக்கு அது சர்வசாதாரணம். தார்ப்பாய் கட்டி மறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். கேஸ் அளவை ஏற்றினால் சரியாகும் என்று திருகாதீர்கள். வேகமாய் வரும் கேஸ் சுழன்று காற்றையும் உள்ளே இழுக்கும், ஒட்டு முழுக்க ஊசித் துளை விழும். நாங்கள் முடிந்த மட்டும் ஒட்டுகளைப் பட்டறையிலேயே முடித்து, தளத்தில் சேர்க்க வேண்டியவற்றை மட்டும் அதிகாலையில் வைத்துக்கொள்வோம்.

படி 7: சோதனை

கண்ணால் பார்ப்பது முதல் சோதனை. விளிம்பில் பள்ளம், ஊசித் துளை, டேக் இருந்த இடத்தில் குமிழ், இவற்றைப் பாருங்கள். அடுத்து சிவப்புச் சாயம்: தடவி, பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு எழும். உணவுக் குழாய் வேலை என்றால் முதல் நாளே மாதிரி ஒட்டு ஒன்று போட்டு, பிளந்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும்.

அழுத்தச் சோதனையைத் தண்ணீரில் செய்யுங்கள், வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு. கம்ப்ரசர் காற்றில் செய்யாதீர்கள். தண்ணீர் அமுங்காது; ஒட்டு விட்டால் பீச்சிவிட்டு அடங்கிவிடும். அமுங்கிய காற்று ஒட்டையே துண்டாக்கி எறியும். குழாயின் மேல்முனையைத் திறந்து வைத்து, உள்ளிருக்கும் காற்று முழுதும் போய்த் தண்ணீர் வழிகிறவரை நிரப்பிய பிறகே பம்பை அமுக்க வேண்டும். கேஜ் முள் இறங்கினால் உடனே வெல்டரை ஏசாதீர்கள். முதலில் பிளாஞ்ச் வாஷரையும் கேஜ் மரையையும் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் கசிவு அங்கேதான். வெயிலில் கிடக்கும் குழாயில் தண்ணீர் சூடாகி முள் தானாக ஏறும், மேகம் மூடினால் இறங்கும். அதனால் சோதனையைக் காலையில் வெயில் ஏறுமுன் தொடங்கி, முள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்து, நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.